வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் யாருடையது? ஒரு யார்க்‌ஷயர் மாளிகையின் சொத்துக் கதை

இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில், ராதர்ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் வென்ட்வொர்த் என்றொரு சிறிய கிராமம் இருக்கிறது. அதன் ஓரத்தில் நிற்கும் மாளிகையின் கிழக்கு முகப்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை 606 அடி, ஏறக்குறைய 185 மீட்டர். லண்டனில் அரச குடும்பத்தின் பக்கிங்ஹாம் அரண்மனை முகப்பே 108 மீட்டர்தான். உள்ளே 300க்கு மேல் அறைகள்.

1999இல் இந்த மாளிகை சுமார் 15 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், ஒரு காலத்தில் இதே வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே ஒரு குதிரை ஓவியத்தை லண்டன் நேஷனல் கேலரி 1.1 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியிருந்தது. வீட்டை விட வீட்டிலிருந்த படத்துக்கு ஏழு மடங்கு விலை!

இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், ஆங்கிலேயப் பிரபுக்களின் சொத்து முறை முழுவதும் கைக்கு வந்துவிடும். நாம் "அந்த மாளிகை அந்தக் குடும்பத்துடையது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அங்கே பட்டம் ஒன்று, வீடு ஒன்று, சுற்றியுள்ள நிலம் ஒன்று, நிலத்துக்கடியில் கிடப்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. இவை எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கிற வரைக்கும் வீடு நிமிர்ந்து நிற்கும். பிரிந்தால் முதலில் அடிவாங்குவது வீடுதான். வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் அளவுக்கு இதைத் தெளிவாகக் காட்டும் வீடு வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

பெண் வழியில் போன சொத்து

முதலில் இது வென்ட்வொர்த் குடும்பத்தின் ஊர். அவர்களில் பெயர்பெற்றவர் தாமஸ் வென்ட்வொர்த், முதலாம் ஸ்ட்ராஃபோர்டு ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்). மன்னர் முதலாம் சார்லஸின் வலக்கையாக இருந்தவர். நாடாளுமன்றம் அவர் தலையைக் கேட்டது, மன்னரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். 1641இல் டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்டது.

அவருடைய மகன், இரண்டாம் ஏர்ல், 1695இல் பிள்ளையில்லாமல் இறந்தார். கதையின் முதல் பெரிய திருப்பம் இங்கேதான். ஆண் வழியில் நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தார். சொத்தும் தனக்கே வரும் என்று அவர் நம்பியிருந்தார். வந்தது ராபி என்ற சிறு பட்டம் மட்டும். வீடும் நிலமும் இறந்தவருடைய சகோதரி மகன் தாமஸ் வாட்சனுக்குப் போயின. அவர் தன் பெயரோடு வென்ட்வொர்த் என்பதையும் சேர்த்து வாட்சன்-வென்ட்வொர்த் ஆனார். சொத்தோடு பெயரையும் எடுத்துக்கொள்வது அந்த ஊர்ப் பிரபுக்களிடம் சாதாரண வழக்கம்.

ஏமாந்த உறவினர் சும்மா இருக்கவில்லை. 1708இல் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி ஸ்டெயின்பரோ என்ற இடத்தை வாங்கி, அங்கே ஒரு பெரிய மாளிகை எழுப்பி, அதற்கு வென்ட்வொர்த் காசில் என்று பெயரும் வைத்தார். ஸ்ட்ராஃபோர்டு ஏர்ல் பட்டத்தையும் 1711இல் தனக்கெனப் புதிதாக வாங்கிக்கொண்டார். பங்காளிச் சண்டை கட்டடமாக எழும்பிய கதை இது. வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்குப் பாதி விடை இந்தப் போட்டியில்தான் இருக்கிறது.

ஒரே வீடு, இரண்டு முகம்

வாட்சன்-வென்ட்வொர்த்தின் மகன், அவரும் தாமஸ்தான், 1720களில் மேற்குப் பக்கத்தைச் செங்கல்லில், அலங்காரம் மிகுந்த பரோக் பாணியில் கட்டத் தொடங்கினார். அது முடிவதற்குள் ரசனை மாறிவிட்டது. அரசியல் வட்டாரத்தில் அவருடைய விக் கட்சி நண்பர்கள் எல்லாம் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வழியில் அடக்கமான, சமச்சீரான கல் கட்டடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உடனே 1730களில் அதே வீட்டின் முதுகோடு முதுகாக இன்னொரு வீடு கிளம்பியது. ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட் என்ற கட்டடக் கலைஞரின் பெயரோடு நிற்கும் அந்தக் கிழக்கு முகப்புதான் 606 அடி நீளம். நடுவில் முக்கோண முகட்டைத் தாங்கும் தூண்கள், அதன் பின்னால் மார்பிள் சலூன் என்ற கூடம். அறுபது அடிக்கு அறுபது அடி சதுரம், உயரம் நாற்பது அடி.

மேற்கு முகம் தோட்டத்தைப் பார்க்கிறது, கிழக்கு முகம் பூங்காவைத் தாண்டி ஊர் உலகத்தைப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது. விருந்தாளிகள் சாப்பாட்டு அறையிலிருந்து படுக்கையறைக்கு வழி தெரியாமல் திண்டாடுவார்கள் என்றும், வழியில் தூவிக்கொண்டு போக ஆளுக்கு ஒரு நிறத்தில் காகிதத் துணுக்குகள் கொடுப்பார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நடைபாதைகளின் மொத்த நீளம் ஐந்து மைல் என்று சொல்லும்போது அந்தக் கதையை நம்பத்தான் தோன்றுகிறது.

கட்டியவர் 1746இல் ராக்கிங்ஹாம் மார்க்விஸ் (ஏர்லுக்கு மேலான பட்டம்) ஆனார், 1750இல் இறந்தார். அவருடைய மகன் சார்லஸ், இரண்டாம் மார்க்விஸ், இரண்டு முறை பிரிட்டனின் பிரதமர். 1765-66இல் ஒரு முறை, அப்போது அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்க வைத்த முத்திரைச் சட்டத்தை ரத்து செய்தார். 1782இல் மறுபடி வந்தார், சில மாதங்களிலேயே பதவியில் இருந்தபடி இறந்தார்.

குதிரைப் பைத்தியம் அவர். யார்க் நகரத்து ஜான் கார் என்பவரை வைத்து அவர் கட்டத் தொடங்கிய குதிரை லாயத்தைப் பார்த்து அதுதான் மாளிகை என்று நினைக்கலாம், அவ்வளவு பெரிது. தன்னுடைய பந்தயக் குதிரை விசில்ஜாக்கெட்டை வரைய 1762 வாக்கில் ஜார்ஜ் ஸ்டப்ஸை அழைத்தார். ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரப் படம். குதிரை பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது. ஆள் இல்லை, சேணம் இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. வெறும் மங்கிய மஞ்சள் பின்னணி, குளம்பருகே ஒரு சிறு நிழல். அந்தக் குதிரையின் கண்ணைப் பார்த்தால் வரைந்தவர் அதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருப்பார் என்பது புரியும். ஆரம்பத்தில் சொன்ன ஓவியம் இதுதான்.

இந்த வீட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு நிஜமான தொடர்பும் உண்டு. ராக்கிங்ஹாமின் தனிச் செயலாளராக இருந்து பெரிய ஆளானவர் எட்மண்ட் பர்க். 1780 முதல் அவர் மால்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். மால்டன் இந்தக் குடும்பத்தின் சட்டைப்பைத் தொகுதி, வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் யாரைச் சொல்கிறதோ அவர்தான் ஜெயிப்பார். அந்தத் தொகுதியின் உறுப்பினராகத்தான் பர்க் 1785 பிப்ரவரியில் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றிய அந்தப் பெரிய உரையை ஆற்றினார். நவாபுக்குக் கடன் கொடுத்ததாகச் சொல்லி ஆற்காட்டு ஆட்சிப் பகுதியின் வரிப்பணத்தைச் சுரண்டிய கம்பெனி ஆட்களை அவர் பெயர் சொல்லித் தாக்கினார். அவருடைய உறவினர் வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் லண்டன் முகவராக இருந்தவர் என்பதையும் சேர்த்துத்தான் அந்த உரையைப் படிக்க வேண்டும். எப்படியும், பர்க்கின் கடிதங்களில் பெரும்பகுதி இந்த வீட்டுக் காகிதங்களோடு சேர்ந்து வந்து இன்று ஷெஃபீல்டு நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையையும் தஞ்சையையும் ஆராய்கிறவர்களுக்கு அந்தக் காப்பகமும் ஒரு வேலையிடம்.

நிலக்கரிப் பணம்

ராக்கிங்ஹாமுக்கும் பிள்ளை இல்லை. மார்க்விஸ் பட்டம் அவரோடு போயிற்று. சொத்து மறுபடி பெண் வழியில் நகர்ந்து சகோதரி மகன் வில்லியம், நான்காம் ஃபிட்ஸ்வில்லியம் ஏர்ல் கைக்கு வந்தது. அவருக்கு ஏற்கெனவே பீட்டர்பரோ பக்கம் மில்டன் என்ற மாளிகையும் எஸ்டேட்டும் இருந்தன. அயர்லாந்தின் விக்லோவில் ராக்கிங்ஹாம் வழியாக வந்த பெரும் நிலமும் சேர்ந்தது. மில்டன் வீட்டை மறந்துவிட வேண்டாம், பின்னால் வரும்.

இவ்வளவு சொத்து துண்டாகாமல் தலைமுறை தாண்டியதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த மகன் வயதுக்கு வரும்போதோ கல்யாணத்தின்போதோ எழுதப்படும் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம். அதன்படி இப்போதைய பிரபுவுக்கு ஆயுள் வரை அனுபவப் பாத்தியதை மட்டும்தான். விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் பங்கு போட முடியாது. மற்றப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு தொகை, அவ்வளவுதான். 1882இல் வந்த சட்டம்தான் இப்படிப்பட்ட நிலத்தை விற்க முதல்முறையாகத் தாராளமாக வழி விட்டது.

நிலத்துக்கடியில் பார்ன்ஸ்லி அடுக்கு என்ற தடித்த நிலக்கரிப் படுகை ஓடியது. ஃபிட்ஸ்வில்லியம்கள் குத்தகைக்கு விட்டு ராயல்டி வாங்கியதோடு நிற்கவில்லை, தாங்களே சுரங்கமும் நடத்தினார்கள். பக்கத்து எல்சிகார் கிராமத்தில் 1795இல் சுரங்கத் தண்ணீரை இறைக்க நிறுவிய நியூகோமன் நீராவி எந்திரம் வைத்த இடத்திலேயே இன்னும் நிற்கிறது. அந்த வகை எந்திரத்தில் முதலில் நிறுவிய இடத்திலேயே மிஞ்சியிருப்பது உலகத்தில் இது ஒன்றுதான். 1923 வரை வேலை செய்தது. மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கல் எந்திரக் கூடத்தையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. மார்பிள் சலூனின் செலவுக்கு வரவு எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் விளங்கும்.

1902இல் ஆறாம் ஏர்ல் இறந்தபோது சொத்து மதிப்பு 28 லட்சம் பவுண்டு. அன்றைய பிரிட்டனின் மிகப்பெரிய செல்வங்களில் ஒன்று. பத்து வருடம் கழித்து, 1912 ஜூலையில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணி மேரியும் வந்து தங்கினார்கள். அவர்கள் அங்கே இருந்தபோதே பக்கத்து கேட்பி சுரங்கத்தில் வெடிவிபத்து. ஏறக்குறைய 90 பேர் செத்தார்கள், அதில் பலர் முதலில் சிக்கியவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்கள். மன்னரும் ராணியும் சுரங்கத்துக்கே போய் துக்கம் விசாரித்தார்கள். ஒரே வாரத்தில் அந்த மாளிகையின் உச்சமும் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதும் சேர்ந்தே தெரிந்தன.

1946: தோட்டத்தில் வெட்டிய பள்ளம்

நிலத்தடி நிலக்கரி உரிமையை அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் 1938இலேயே வந்துவிட்டது. சுரங்கங்கள் 1947 ஜனவரி 1 அன்று அரசுடைமையாயின. அதற்கு முந்தைய ஏப்ரலில், எரிபொருள் அமைச்சர் இமானுவேல் ஷின்வெல்லின் உத்தரவின்பேரில் திறந்தவெளிச் சுரங்க எந்திரங்கள் வென்ட்வொர்த் பூங்காவுக்குள் புகுந்தன. வயல்வெளியில் தொடங்கி, தோட்டத்தைத் தோண்டி, மேற்கு முகப்பின் வாசல் அருகே வரை வந்தன. பழைய மரங்கள், புல்வெளி, நடைபாதை எல்லாம் போயின. மண்மேடு வீட்டுச் ஜன்னல்களுக்கு நேரே எழுந்தது.

போருக்குப் பிந்தைய நிலக்கரித் தட்டுப்பாடு பொய்யில்லை. அடுத்த குளிர்காலத்தில் நாடே உறைந்து நின்றது. ஆனால் ஷெஃபீல்டு பல்கலைக்கழக நிபுணர்கள் பார்த்துவிட்டு, அங்கே கிடைப்பது தரம் குறைந்த கரி, தோண்டுவதற்கே தகாது என்றார்கள். அமைச்சர் கேட்கவில்லை. வர்க்கப் பகை என்று குடும்பம் நினைத்தது, இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அமைச்சரின் மனதில் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கில் கனமான சாட்சி வேறு. யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜோ ஹால் இந்தத் தோண்டலை எதிர்த்து, பிரதமர் அட்லியிடமே முறையிட்டார். அந்த மாளிகைக்குக் கப்பம் கட்டியதாகச் சொல்லப்பட்ட வர்க்கமே அதைக் காப்பாற்ற முன்வந்தது. அந்தத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை உலாவியவர்கள் அந்தத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். சட்டப்படி அது ஃபிட்ஸ்வில்லியமின் தோட்டம், ஆனால் அவர்களுக்கும் அதில் பாத்தியதை இருந்தது. எந்தப் பத்திரத்திலும் எழுதாத பாத்தியதை.

பழைய மாளிகைகளை ஏற்றுப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட்டிடம் கொடுத்துவிடலாமே என்ற யோசனையும் அப்போது எழுந்தது. டிரஸ்ட் வீட்டை ஏற்க வேண்டுமானால் பராமரிப்புக்கு நிரந்தர வருமானமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது நடக்கவில்லை.

பட்டம் தேடிய வாரிசுகள்

எட்டாம் ஏர்ல் பீட்டர் 1948 மே 13 அன்று பிரான்சில் விமான விபத்தில் இறந்தார். கூடப் பயணம் செய்த கேத்லீன் கென்னடியும் இறந்தார், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கை. பீட்டருக்கு ஒரே மகள். பெண் என்பதால் பட்டம் அவளுக்கு வராது. தூரத்து உறவில் பிள்ளையில்லாத ஒருவர் ஒன்பதாம் ஏர்ல் ஆனார்.

அவருக்குப் பிறகு யார்? மில்டன் கிளையில் இரண்டு சகோதரர்கள், டோபியும் டாமும். மூத்தவர் டோபி. பெற்றோர் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டது அவர் பிறந்த பிறகு. அதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணம் நடந்தது என்பது அவர் வாதம். 1951இல் வழக்கு நீதிமன்றம் போனது. அண்ணன் தோற்றார். 1952இல் தம்பி டாம் பத்தாம் ஏர்ல் ஆனார். 1979இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது பட்டமே அற்றுப்போனது.

இந்த வழக்கின் நடுவில் வீட்டை யார் நினைத்தார்கள்? 1940 முதல் பெரிய சொத்துகள் மீதான இறப்பு வரி 65 சதவீதம், 1946இல் 75 ஆனது, 1949இல் 80. அடுத்தடுத்து ஏர்ல்கள் இறந்த குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் ஏர்லுக்கு மில்டனில் வாழ்வதற்கு வசதியான வீடு இருந்தது. 300 அறையும் கிழித்துப் போட்ட தோட்டமும் உள்ள வீட்டில் அவருக்கு என்ன வேலை?

வீட்டைப் புல்டோசரிலிருந்து காப்பாற்றியவர் லேடி மேபல் ஸ்மித், ஏழாம் ஏர்லின் சகோதரி, தீவிர சோஷலிஸ்ட், உள்ளாட்சி அரசியலில் ஊறியவர். அவர் முயற்சியால் மாவட்ட கவுன்சில் மாளிகையின் பெரும்பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, பெண் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான லேடி மேபல் கல்லூரியை நடத்தியது. குடும்பம் தனக்கென்று சில அறைகளை வைத்துக்கொண்டது. இங்கிலாந்தில் அந்த 1950களில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடித்துத் தள்ளப்பட்டன. அந்த ஆபத்தான வருடங்களில் இந்த வீட்டில் ஆள் நடமாட்டமும் கூரையைக் கவனிக்க ஆளும் இருந்தன. லேடி மேபலுக்குச் சேர வேண்டிய பெயர் போதுமான அளவு சேரவில்லை என்பது என் வருத்தம்.

1970களில் இன்னொரு இழப்பு. பத்தாம் ஏர்லின் உத்தரவில் டன் கணக்கான குடும்பக் காகிதங்கள் எரிக்கப்பட்டன. பழைய வரலாற்று ஆவணங்கள் முன்பே ஷெஃபீல்டுக்குப் போயிருந்ததால் தப்பின. போனது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக் காகிதம். வாரிசுச் சண்டைகளின் கதையில் சில பக்கங்கள் காணாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலைக்கு வந்த வீடு

1979இல் கல்லூரி ஷெஃபீல்டு பாலிடெக்னிக்கோடு இணைந்தது. 1980களில் அவர்களும் கிளம்பினார்கள். 1989இல் குடும்ப டிரஸ்டிகள் வீட்டையும் சுற்றிக் கொஞ்சம் நிலத்தையும் மட்டும் வென்ஸ்லி ஹேடன்-பெய்லி என்ற தொழிலதிபருக்கு விற்றார்கள். கிராமமும் ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணை நிலமும் எஸ்டேட்டிலேயே தங்கின. சொத்துக் கதையில் முக்கியமான கோடு இங்கே விழுகிறது. இரண்டரை நூற்றாண்டு இந்த வீட்டுக்குச் சோறு போட்ட நிலம் இனி அதனுடையது இல்லை.

புது உரிமையாளரின் தொழில் சரிந்தது, கடன் கொடுத்த வங்கி 1998இல் வீட்டை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் லண்டன் கட்டடக் கலைஞர் கிளிஃபர்டு நியூபோல்டு வாங்கினார். ஓய்வு வயதில், தன் பிள்ளைகளோடு சேர்ந்து, சொந்தப் பணத்தைப் போட்டு அறை அறையாகச் சரிசெய்தார். சுவர்களில் கண்ட விரிசலுக்குக் கீழே இருந்த பழைய சுரங்கங்களே காரணம் என்று நிலக்கரி ஆணையத்தின் மீது சுமார் 10 கோடி பவுண்டு இழப்பீடு கேட்டு வழக்கும் நடந்தது. 2015இல் அவர் இறந்தார், 2016இல் தீர்ப்பாயம் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. வீட்டைக் கட்டிய கரி வீட்டைச் சாய்க்கிறது என்ற வாதம் கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், விரிசல்களுக்குக் காரணம் அதுதான் என்று நிரூபிக்க முடியவில்லை.

வீடு மறுபடி சந்தைக்கு வந்தது. ஹாங்காங் நிறுவனம் ஒன்று வாங்கப்போவதாகப் பேச்சு வந்து நின்றுபோனது. 'சேவ் பிரிட்டன்ஸ் ஹெரிடேஜ்' அமைப்பு பல வருடமாக எடுத்த முயற்சியில் உருவான வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் பாதுகாப்பு அறக்கட்டளை, 2017 மார்ச்சில் 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதில் பாதிக்கு மேல் தேசிய பாரம்பரிய நினைவு நிதியிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய நவம்பரில் நிதியமைச்சர் பிலிப் ஹேமண்ட் பழுதுபார்ப்புக்கு 76 லட்சம் பவுண்டு ஒதுக்கியிருந்தார். முழுதாகச் சீர்செய்யத் தேவை என்று மதிப்பிட்ட தொகை 4 கோடிக்கு மேல்.

இப்போதைய கணக்கு இது. வீடும் தோட்டமும் அறக்கட்டளையிடம். கிராமமும் நிலமும் ஃபிட்ஸ்வில்லியம் எஸ்டேட்டிடம். ஊரைச் சுற்றியுள்ள ஹூபர் ஸ்டாண்ட் போன்ற நினைவுக் கோபுரங்களைப் பார்த்துக்கொள்ள 1979இல் தொடங்கிய வேறொரு அறக்கட்டளை. விசில்ஜாக்கெட் லண்டனில், அதன் நகல் மட்டும் வீட்டில். காகிதங்கள் ஷெஃபீல்டில். கரி அரசுடையது, பட்டம் யாரிடமும் இல்லை.

அறக்கட்டளை முதலில் கை வைத்தது கூரையில். அது சரியான முடிவு என்று நினைக்கிறேன். மழைத்தண்ணீர் இறங்குகிற வீட்டில் ஓவியக் கூரையைத் துடைத்துப் பயனில்லை. சாரம் கட்டியிருந்த நாட்களில் பொதுமக்களையும் மேலே ஏற்றி வேலையைக் காட்டினார்கள். வாடகையும் ராயல்டியும் கொடுத்த நிலம் இல்லாததால் நுழைவுக் கட்டணம், கல்யாணம், படப்பிடிப்பு, தேநீர் அறை என்றுதான் இப்போது வரவு. குதிரை லாயத்தையும் சம்பாதிக்கும் இடமாக மாற்றுவது அவர்கள் திட்டத்தில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் பெரிய எண்ணிக்கையில் தன்னார்வலர்களாக வேலை செய்கிறார்கள். ராதர்ஹாம் பக்கத்து வீடுகளில் பலர் சுரங்கத் தொழிலாளர்களின் பேரன் பேத்திகள். 1946இல் ஜோ ஹால் யாருக்காகப் பேசினாரோ அவர்களுடைய சந்ததிக்கு இன்று அந்த வீட்டைத் திறந்து காட்டும் சாவி கையில் இருக்கிறது. அடுத்த பத்து வருடத்துக்குத் தேவைப்படும் கோடிகளை யார் கொடுப்பது என்பதைத்தான் இனி தீர்க்க வேண்டும்.